சேனாதிபதியின் சொந்தக் குரல்

ஒரு காட்டில் பூவராகன் என்றொரு காட்டுப்பன்றியார் இருந்தார். பகலில் மின்வாரியத்தில் குமாஸ்தா. மாலையில் சேற்றுக்குளத்தில் பாடகர். நாலு பேர் முன்னால் ஒரு பாட்டாவது பாடிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. மனைவி கோமளம் மட்டும் கேட்டால் தீருகிற ஆசையா அது?

மயில் சிகாமணியின் சபா இசை நாடகத்துக்கு ஆள் தேடியது. பூவராகன் போய் நின்றார்.

"ஒரு பாட்டு பாடிக் காட்டட்டுமா சார்?"

"அதெல்லாம் எதுக்கு? வீட்ல எத்தனை பேர்?" என்றார் சிகாமணி.

"குட்டிங்களோட பதினாலு."

"எல்லாரும் நாடகம் பாக்க வருவாங்கல்ல? நீங்கதான் சேனாதிபதி."

ஒத்திகையில் பூவராகன் வாயைத் திறந்தார். ஒலிபெருக்கியில் தேனாக வழிந்தது பாட்டு. மைக் வைத்தால் நம் குரல் இவ்வளவு இனிக்குமா என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது பக்கத்துக் காட்டுக் குயில் என்றைக்கோ பாடிப் பதிவுசெய்தது. ராஜாவிலிருந்து வாயிற்காவலன் வரை எல்லாரும் அதற்கு வாயசைப்பவர்கள்தான். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே குரல் என்பதை அவரும் கவனிக்கவில்லை. அடுத்தவர் பாடும்போது எந்த நடிகர் காது கொடுத்துக் கேட்டார்?

நாடகத்தன்று காடே திரண்டது. பட்டப்பகலில், சேனாதிபதி போருக்குப் புறப்படும் பாட்டின் நடுவில் கரண்ட் போனது. எல்லாம் பூவராகனின் ஆபீஸ் கைங்கரியம்தான். ராஜாவும் ராணியும் படைவீரர்களும் திறந்த வாய் திறந்தபடி நின்றார்கள். கண்ணை மூடி லயித்திருந்த பூவராகன் மட்டும் பாடிக்கொண்டே இருந்தார். கரகரத்த குரல்தான், ஆனால் சுருதி விலகவில்லை.

முன்வரிசை நரி முகம் சுளித்தது. "என்னய்யா இது, நடுவுல மூச்சு வாங்குற சத்தமெல்லாம் கேக்குது?"

"மத்தவங்க எவ்வளவு சுத்தமா பாடினாங்க" என்றது முயல்.

சிகாமணி மேடைக்கு ஓடிவந்து கைகூப்பினார். "பெரியோர்களே, கரண்ட் கோளாறால ஒரு நடிகரோட சொந்தக் குரல் உங்க காதுல விழுந்துடுச்சு. சபா சார்பா மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

பூவராகனுக்கு அங்கேயே மண்ணைத் தோண்டிப் புதைந்துவிடலாமா என்றிருந்தது. தோண்டத் தெரிந்தவர் வேறு.

"எனக்குப் பிடிச்சிருந்துச்சுங்க" என்றாள் கோமளம், வீட்டுக்குப் போகும் வழியில்.

மறுவருடம் அதே மேடை, அதே பாட்டு. பூவராகன் வாயை அகலத் திறந்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். கைதட்டல் ஓய வெகுநேரமானது. காட்டின் தலைசிறந்த பாடகர் என்று பொன்னாடை போர்த்தினார்கள். இப்போதெல்லாம் சேற்றுக்குளத்திலும் அவர் வாயசைப்பதோடு சரி. கோமளம் கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போகிறாள்.

நீதி: மேடை கிடைத்தால் வாயைத் தாராளமாகத் திறக்கலாம், பாடித் தொலைக்கக் கூடாது.