தப்பியோடாத தளபதி

ஏழுகடவை என்றொரு நாடு. அங்கே போர் முடிந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. போரில் வென்றது அரசு. தோற்றது அதே நாட்டு மக்கள். அதனால் வெற்றி விழாவை எந்த ஊரில் கொண்டாடுவது என்று தொடக்கத்தில் கொஞ்சம் குழப்பம் இருந்தது. பிறகு தலைநகரிலேயே கொண்டாடிக்கொண்டார்கள்.

அயல்நாடுகள் மட்டும் ஆண்டுதோறும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தன. போரின் கடைசி நாளில் உப்பளை என்ற கடற்கரை ஊரில் வெள்ளைத் துணியுடன் வந்து சரணடைந்த நூற்றுப் பன்னிரண்டு பேர் எங்கே? மன்னர் பத்து ஆண்டுகள் யோசித்தார். பதினோராம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, நான்கு மாடிக் கட்டடம் ஒன்றைத் திறந்துவைத்தார். ‘தப்பியோடிய போர்க்குற்றவாளிகளைத் தேடிப் பிடிக்கும் பேரலுவலகம்’ என்று அதற்குப் பெயர். பேரதிகாரியாக நயனசுந்தரர் என்பவர் நியமிக்கப்பட்டார். அதுவரை அவர் அரண்மனைத் தோட்டத்து மயில்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவர்.

அலுவலகம் திறந்த மறுநாளே உப்பளையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் மங்கலை. பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. அந்தக் கடைசி நாளில் உப்புக் கிடங்குக்குள் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் மட்டும் வெளியே போகவில்லை. கிடங்கின் உடைந்த சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் கணவன் சாத்தன் தன் வேட்டியையே கிழித்துக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போனான். தளபதி கடம்பராயர் கையை நீட்டிக் காட்டினார். வீரர்கள் எல்லாரையும் கிடங்கின் பின்பக்கம் கூட்டிப் போனார்கள். பிறகு அவர்கள் மட்டும் திரும்பி வந்தார்கள். இருட்டிய பிறகு மங்கலை அங்கிருந்து தப்பி ஓடினாள்.

நயனசுந்தரர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

“எங்கள் முதல் சாட்சி நீங்கள். சொல்லுங்கள் அம்மா, அந்தக் கொடியவன் எந்தக் காட்டில் ஒளிந்திருக்கிறான்? எந்தத் தீவுக்குத் தப்பினான்?”

“ஒளியவே இல்லைங்க ஐயா. இதே தெருவுலதான் இருக்காரு. இங்கிருந்து மூணாவது வீடு. வாசல்ல பேர் போட்டிருக்கு.”

பேரதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு மெதுவாக மூடினார்.

“அப்படியானால் அவர் தப்பியோடவில்லை.”

“ஏன் ஐயா ஓடணும்? அவரை யாருமே விரட்டலையே.”

“எங்கள் அதிகாரம் தப்பியோடியவர்கள் மீது மட்டுமே செல்லும். சொந்த வீட்டில் வசிக்கும் ஒருவரைத் தேடிப் பிடிப்பது எப்படி? தேடுவதற்கு அங்கே என்ன இருக்கிறது?”

மங்கலை மறுவாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். ஒவ்வொரு முறையும் கடம்பராயரின் பெயரை வரவேற்பறையிலேயே உரக்கச் சொன்னாள். இதனால் படையின் மாண்பு குலைகிறது என்று கருதி, சாட்சிகள் எவரும் எந்தப் பெயரையும் உச்சரிக்கக் கூடாது என்று ஓர் ஆணை பிறந்தது. குற்றவாளியை ‘அந்த ஒருவர்’ என்று மட்டுமே குறிப்பிடலாம். மீறினால் ஆறு மாதச் சிறை.

அடுத்து, சாட்சிகள் காணாமல் போய்விடக் கூடாதே என்ற அக்கறையில் இன்னோர் ஆணை வந்தது. சாட்சிகள் அனுமதிச் சீட்டு இல்லாமல் தங்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லையில் இரண்டு காவலர்கள் நின்றார்கள்.

அக்கரைச்சேரியில் வெள்ளி என்ற பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டது. உப்பளையிலிருந்து அக்கரைச்சேரிக்கு நடந்தால் அரைமணி நேரம். வெள்ளியின் கணவன் ஓடி வந்தான்.

“அக்கா, குழந்தை குறுக்கே கிடக்குன்னு சொல்றாங்க. நீங்க வந்தாத்தான் ஆகும்.”

மங்கலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எல்லையில் காவலர்கள் மறித்தார்கள். அவள் கெஞ்சினாள். திட்டினாள். ஒரு காவலனின் மனைவிக்கே தான் பிரசவம் பார்த்ததை நினைவுபடுத்தினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டானே தவிர, குறுக்கே பிடித்திருந்த ஈட்டியை விலக்கவில்லை. விண்ணப்பம் தலைநகருக்குப் போனது. நான்காம் நாள் அனுமதிச் சீட்டு வந்தது. முத்திரை, கையொப்பம், நாள், கிழமை எல்லாம் சரியாக இருந்தன. வெள்ளியையும் குழந்தையையும் அடக்கம் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

மங்கலை அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அக்கரைச்சேரிக்குப் போகவில்லை. நேராகத் தலைநகருக்குப் போய்க் கடம்பராயரின் கதவைத் தட்டினாள்.

அவர் முற்றத்தில் பலாப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. முகம் மாறவில்லை.

“யாரும்மா நீ?”

“உப்பளை மருத்துவச்சி.”

அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

“என்ன வேணும்?”

“நீங்க ஓடிப் போகணும்.”

“என்னது?”

“ஒரே ஒரு நாள் ஓடினாப் போதும். ஊர் எல்லையைத் தாண்டி நின்னாக்கூடப் போதும். நீங்க ஓடினாத்தான் சட்டம் உங்களைத் தொடுமாம். பதினோரு வருஷமாக் காத்துட்டு இருக்கேன். எனக்கு வேற வழி தெரியலை.”

கடம்பராயர் வாய்விட்டுச் சிரித்தார். வேலைக்காரனைக் கூப்பிட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

“நான் ஏம்மா ஓடணும்? என் வீடு இது. ஓடினது யாரு? நீங்கதானே ஓடினீங்க! குண்டு விழுந்ததும் ஊரோட ஓடினது நீங்கதானே!”

மங்கலை தண்ணீரைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

கடம்பராயர் தான் விளையாட்டாகச் சொன்னதை அன்று மாலையே நயனசுந்தரரிடமும் சொன்னார். பேரதிகாரியோ அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அயல்நாட்டுப் பார்வையாளர்கள் அடுத்த மாதம் வருவதாக இருந்தது. அலுவலகம் இதுவரை ஒருவரையும் பிடித்திருக்கவில்லை. அவர் அமைச்சரவையில் எழுந்து நின்று விளக்கினார்.

“மாண்புமிக்கவர்களே, நாம் இத்தனை நாள் தவறான இடத்தில் தேடியிருக்கிறோம். போரின்போது தப்பி ஓடியவர்கள் யார்? உப்பளைக் கரையைச் சேர்ந்த நாற்பதாயிரம் பேர். அவர்கள் ஓடியதற்கு அரசிடமே பதிவு இருக்கிறது. குற்றம் செய்யாதவர்கள் ஏன் ஓட வேண்டும்?”

அமைச்சர்கள் மேசையைத் தட்டினார்கள். முதலில் கைதானவள் மங்கலை.

வழக்கு மன்றத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. அயல்நாட்டுப் பார்வையாளர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி அறவாழியார் நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ யாரும் சொன்னதில்லை. நடைமுறையில் ஒரு புள்ளி பிசகினாலும் அவருக்குச் சோறு இறங்காது என்று மட்டும் சொல்வார்கள்.

“போரின்போது நீ தப்பி ஓடினாயா?”

“ஓடினேன்.”

அரசு வழக்கறிஞர் வெற்றிப் புன்னகையுடன் உட்காரப் போனார். நீதிபதி விடவில்லை. குற்றவாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு தாளில் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. இரண்டாவது கேள்வியை வாசித்தார்.

“யாரிடமிருந்து தப்பி ஓடினாய்?”

வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். “ஐயா, பெயர் சொல்லக் கூடாது என்று ஆணை இருக்கிறது!”

நீதிபதி ஆணையை வாங்கி இரண்டு முறை படித்தார்.

“பெயர் சொல்லக் கூடாது என்பது சாட்சிகளுக்கு. இவள் சாட்சி இல்லை. நீங்களே குற்றவாளி என்று கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். குற்றவாளி எல்லாக் கேள்விகளுக்கும் முழுமையாகப் பதில் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அது தனிக்குற்றம். சொல்லம்மா.”

மங்கலை கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“தளபதி கடம்பராயர்கிட்ட இருந்து ஓடினேன்.”

எழுத்தர் எழுதினார். “ஏன் ஓடினாய்?” என்பது மூன்றாவது கேள்வி. அவள் சொன்னாள். உடைந்த சன்னலையும், நீட்டிய கையையும், கிழிந்த வேட்டியையும் சொன்னாள். நூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர்களில் பாதிப் பேரைப் பிறந்தபோது கையில் வாங்கியவள் அவள்தான். சாத்தன் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. எழுத்தரின் கை வலித்திருக்க வேண்டும். ஆனாலும் நிறுத்தவில்லை. அயல்நாட்டார் ஆளுக்கொரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பேரலுவலகத்தின் வாசலில் வரிசை நின்றது. உப்பளைக் கரையிலிருந்து வந்த மீனவர்கள், உப்பளத் தொழிலாளர்கள், கைக்குழந்தைக்காரிகள். வெள்ளியின் கணவன் முன்னால் நின்றான்.

“என்ன வேண்டும்?” என்று வாயிற்காவலன் கேட்டான்.

“நாங்களும் தப்பி ஓடினவங்கதான். சரணடைய வந்திருக்கோம். எங்களையும் விசாரிங்க.”

தாமாக வரும் குற்றவாளியைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. எல்லாரையும் கூண்டில் ஏற்றினார்கள். எல்லாரிடமும் இரண்டாவது கேள்வி கேட்கப்பட்டது. எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். எழுத்தர்கள் போதாமல் பள்ளி ஆசிரியர்களை வரவழைத்தார்கள். பதினேழாம் நாளில் அந்தப் பெயர் ஆறாயிரம் தடவைக்கு மேல் அரசாங்கத் தாளில் ஏறியிருந்தது. ஊருக்கு வெளியே வரிசை இன்னும் நீண்டுகொண்டிருந்தது.

பதினெட்டாம் நாள் மன்னர் கையெழுத்திட்டார். ஏழுகடவை நாட்டில் தப்பியோடியவர் எவருமில்லை எனத் தெளிவாகிவிட்டதால் பேரலுவலகம் கலைக்கப்படுகிறது. அதன் சட்டமும் ஆணைகளும் நீக்கப்படுகின்றன. அனைவரும் விடுதலை.

அதற்கு மூன்று நாள் கழித்து, தெருவில் தன்னைப் பார்த்தவர்களெல்லாம் பேசாமல் நின்று வெறிப்பதைப் பொறுக்க முடியாமல், கடம்பராயர் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கப்பலேறி அயல்நாட்டுக்கு ஓடிப்போனார்.

செய்தி கேட்டு மங்கலை பேரலுவலகத்துக்கு மூச்சிரைக்க ஓடினாள். நயனசுந்தரர் தன் மேசையைக் காலிசெய்துகொண்டிருந்தார்.

“ஐயா, ஓடிட்டாரு! இப்போ ஓடிட்டாரு!”

“அறிவேன் அம்மா. இப்போது அவர் ஐயத்துக்கிடமின்றித் தப்பியோடியவர். ஆனால் பிடிப்பதற்குச் சட்டம் இல்லையே.” உண்மையான வருத்தத்துடன் தலையசைத்தார். “போன வாரம் வந்திருக்கக் கூடாதா?”

மங்கலைக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடித்தும் என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. திரும்பி நடந்தாள்.

அன்று மாலை அரண்மனை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தளபதி கடம்பராயர் தப்பியோடியதாக வரும் வதந்தியை யாரும் நம்ப வேண்டாம். போர்களில் காணாமல் போனவர்களைப் பற்றி ஆராயும் உலக மாநாட்டுக்கு அவர் நம் நாட்டின் தூதராக அனுப்பப்பட்டிருக்கிறார். அன்னாரின் நீண்ட அனுபவம் மாநாட்டுக்குப் பயன்படும்.

அந்த வாரக் கடைசியில் துறைமுகத்தில் மங்கலை நின்றாள். கையில் வழக்கு மன்றத்தின் முத்திரையிட்ட நகல் இருந்தது. பயணப் பதிவாளர் படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

“எதுக்காகப் போறீங்கம்மா?”

“ஒருத்தரைக் கூட்டிட்டு வர.”

“திரும்பி வரும்போது கூட வர்றவர் பேரு?”

“கடம்பராயர்.”

பதிவாளரின் பேனா நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் கடற்கரைச் சாலை முடியும்வரை நின்ற வரிசையைப் பார்த்தார். பிறகு குனிந்து, எழுத்துப் பிழையில்லாமல் அந்தப் பெயரை எழுதினார்.