மூன்று கேமராவும் ஒரு தும்மலும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், கம்ப்யூட்டரும் நலம். அங்கே உங்கள் நலத்தைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. உங்களோடு பேச்சை நிறுத்திவிட்டதாகவும், சாப்பிடக் கூப்பிடுவதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கூப்பிடுவதாகவும் தங்கையே போனில் பெருமையாகச் சொன்னாள்.

அவளுடைய பணி நிறைவு விழாப் படத்திலிருந்து அந்தத் தும்மலை எடுத்துவிடும்படி கேட்டிருந்தீர்கள். முடியாது. ஏன் முடியாது என்பதைப் பொறுமையாகப் படிக்கவும்.

படம் மூன்று கேமராவில் இருக்கிறது. கடைசி வரிசைக்குப் பின்னால் ஸ்டாண்டு போட்டு நான் பிடித்தது ஒன்று, அலுவலகம் அமர்த்திய போட்டோக்காரர் பக்கவாட்டில் நின்று பிடித்தது ஒன்று, மேடையோரம் பூந்தொட்டியில் சாய்த்துவிட்டு நீங்கள் காவல் நின்றீர்களே, அந்த போன் ஒன்று. "மாமா, அரை மணி நேர வேலை, கொடுங்க, நான் சேர்த்துத் தர்றேன்" என்றாள் என் மருமகள். அரை மணியில் முடிகிற வேலையை நான் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு, எடிட்டிங் மென்பொருளை நானே கற்றுக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தால், தங்கையின் புடவை என் கேமராவில் பச்சை, போட்டோக்காரர் கேமராவில் நீலம், உங்கள் போனில் அவள் ஜென்மத்தில் கட்டாத ஒரு நிறம். என்னுடையதுதான் சரி என்று மற்ற இரண்டையும் அதன் பக்கம் இழுத்தேன். புடவை வழிக்கு வந்தது, மேலாளர் முகத்தில் பாசி பிடித்துவிட்டது. "அன்னிக்கு அவங்க கட்டியிருந்தது நீலம்தான் மாமா, அவங்களையே கேளுங்க" என்கிறாள். கட்டினவளுக்கு என்ன தெரியும், கேமராவைக் கேள் என்றேன்.

அடுத்தது நேரம். என் கேமராவின் கடிகாரப்படி விழா விடியலுக்கு முன்பே முடிந்துவிட்டது, உங்கள் போன்படி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. மூன்றையும் சேர்த்து ஓட்டினால் மேலாளர் வாயை மூடிய பிறகு பேச்சு வருகிறது, கைதட்டியவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்ட பிறகு சத்தம் வருகிறது. இதைச் சரிக்கட்ட, மூன்றிலும் பதிந்த ஒரே சத்தம், சட்டென்று வெடித்த சத்தம் ஒன்று வேண்டும். கைதட்டல் மழை மாதிரி பரந்து கிடக்கிறது, உதவாது. மேலாளர் "இந்த அலுவலகம் இவரைப் போல இன்னொருவரை…" என்று ஆரம்பித்ததும் கூடமே அதிர ஒரு தும்மல் வந்ததல்லவா, அது அடங்கும்போது அவர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார் அல்லவா, அந்தத் தும்மல்தான் திரையில் சத்தத்தைக் காட்டும் மூன்று ஒலிக்கோட்டிலும் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. ஆணிக்கு நேராக ஆணியை வைத்தேன், மூன்று கேமராவும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்து நடக்கின்றன. அதைப் போய்ப் பிடுங்கச் சொல்றீங்களே, இது நியாயமா? "பார்க்கவே முடியாதுன்னு சொல்லியிருப்பாரு அண்ணா, இத்தனை வருஷத்துல அவர் வாயில வந்த ஒரே நல்ல வார்த்தை, அதைத் தும்மிக் கெடுத்துட்டாரே இந்த மனுஷன்!" என்று தங்கை புலம்புகிறாள். நீங்களோ தும்மவே இல்லை என்று சாதிக்கிறீர்கள். கைக்குட்டையோடு நின்றதை நான் பார்த்தேன். பார்த்ததை அவளிடம் சொன்னவனும் நான்தான்.

மற்றபடி படம் பிரமாதம். நானே நாலு தடவை பார்த்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், முக்கியமாக மூக்கை. தங்கைக்கு என் ஆசிகள், சுவருக்கு என் விசாரிப்புகள்.

இப்படிக்கு,
தன் நிலையிலிருந்து இறங்காத
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்போது மருமகள் எட்டிப் பார்த்து, "தும்மல் உங்க கேமராவுலதான் மாமா மலை மாதிரி நிக்குது, போன்ல எறும்பு மாதிரி இருக்கு. அவரு போன் பக்கத்துலதானே நின்னாரு?" என்றாள். பார்த்தேன். என் கேமராவுக்கு அருகில் நின்றவன் நான் ஒருவன்தான். தும்மியதாக எனக்கு ஞாபகமில்லை, வேலையில் கவனமாக இருந்திருப்பேன். அது போகட்டும். உங்கள் போனில் மேலாளர் பேசியதும் தெளிவாகக் கேட்கிறது: "இந்த அலுவலகம் இவரைப் போல இன்னொருவரைத் திங்கட்கிழமையே வேலைக்கு எடுத்துவிட்டது. நன்றி." தும்மியது நான்தான் என்று தங்கையிடம் ஒப்புக்கொள்ள எனக்கொன்றும் தயக்கமில்லை. ஆனால் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பாள், போனைப் போட்டுக் காட்ட வேண்டிவரும். ஆகவே அந்த இடத்தில் என் கேமராவின் சத்தத்தை மட்டும் வைத்திருக்கிறேன். உங்கள் போனில் இருப்பதை இன்றே அழித்துவிடவும். தும்மல் உங்களுடையதாகவே இருக்கட்டும், மாப்பிள்ளை. அவள் பேசாமல் இருப்பது உங்களுக்குப் பழக்கம், எனக்குப் பழக்கமில்லை.