ஒரு வீட்டு மணி, எல்லா வாசலிலும்

உலகத்தில் 'வேலை செய்யுதுல்ல' என்றொரு இனம் உண்டு. எந்த அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார். மருந்துச் சீட்டைப் படிக்க மாட்டார், புதுச் சட்டையின் அளவைப் பார்க்க மாட்டார், கருவியோடு வரும் கையேட்டை டீ கிளாஸுக்கு அடியில் வைப்பார், ஏதோ ஒன்று தன் கையில் ஒழுங்காக ஓடிவிட்டால் அதையே ஊர் முழுவதற்கும் மாட்டிவிடத் துடிப்பார். ஏன் என்று கேட்டுப் பாருங்களேன். "வேலை செய்யுதுல்ல? அப்புறம் என்ன?" என்பார். அதற்கு மேல் யார் வாயைத் திறக்க முடியும்?

எங்கள் அலுவலகத்தில் இருப்பவர் இந்த இனத்தின் சிங்கம். நாங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு வாசல் மணி செய்கிறோம். கேமரா எல்லாம் வைத்த குட்டிக் கம்ப்யூட்டர். தன் எண் என்ன, எந்த வீட்டுக்குள் ஒலிக்க வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு மணிக்குள்ளும் எழுதிவிடுவார்கள். மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழிக்கிற பூட்லோடர் என்ற சின்ன புரோகிராம் அதைப் படித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அந்தப் படிக்கிற பகுதியை எழுதும் பொறுப்பு சிங்கத்திடம் வந்தது.

படிப்பதா? சிங்கமா? தன் வீட்டு மணி நன்றாக அடித்ததல்லவா, அதிலிருந்த விவரத்தை அப்படியே எடுத்து பூட்லோடருக்குள் ஒட்டி, தான் குடியிருக்கும் கட்டடத்தின் அத்தனை மணிகளுக்கும் காலையிலேயே அனுப்பிவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அவர் மனைவி நர்ஸ். ராத்திரி டூட்டி முடித்து வந்து அப்போதுதான் படுத்திருந்தார். சாயங்காலம் மறுபடி போக வேண்டும். ஊசி பிடிக்கிற கை, தூங்காமல் முடியாது.

மூன்றாம் மாடிக்குப் பார்சல் வந்தது. சிங்கத்தின் வீட்டில் மணி அடித்தது. ஏழாம் மாடிக்கு யாருடைய மாமியாரோ வந்தார். அங்கேயேதான் அடித்தது. குழாய் ரிப்பேர்காரர், டியூஷன் டீச்சர், வீடு மாறி வந்த விருந்தாளி, எல்லாருக்கும் அங்கேதான். மனைவி அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"என்னங்க, ஊர்ல இருக்குற மணியெல்லாம் நம்ம வீட்டுல அடிக்குது!"

"அடிக்குதுல்ல? அப்ப மணி நல்லாத்தான் இருக்கு."

போனை வைத்துவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டு அக்காவிடம் போய்ப் படுத்துவிட்டார் அந்த அம்மாள். சிங்கத்துக்கு இது தெரியாது.

"ஒவ்வொண்ணுக்குள்ளயும் அதோட விவரம் இருக்கு சார். படிக்க விட்டாலே போதும்" என்று கெஞ்சினாள், மணிகளைச் சோதிக்கும் பெண்.

"அதுக்கெல்லாம் நேரமில்லம்மா. நம்ம வீட்டு விவரம்தானே தொல்லை? எதிர்வீட்டு விவரத்தை எல்லாத்துக்கும் போட்டுடலாம்!"

போட்டார். பாராட்டு வாங்க வீட்டுக்குப் பறந்தார். வீடு நிசப்தம்; மனைவியைக் காணோம். எதிர்வீட்டில் மட்டும் ஏதோ விடாமல் அலறிக்கொண்டிருந்தது. அந்தக் கதவு திறந்தது. தலையணையும் கையுமாக, கண் சிவந்து மனைவி. பின்னால் காதைப் பொத்திக்கொண்டு அக்கா.

"வேலை செய்யுதுல்ல?" என்றார் மனைவி. "டூட்டிக்கு லீவு சொல்லிட்டேன். கீழ போய் நில்லுங்க. வர்றவங்க எல்லாரையும் கையால கதவைத் தட்டச் சொல்லுங்க."

சோதிக்கும் பெண் சரிசெய்து முடிக்கும்வரை சிங்கம் கீழே நின்றது.

சிரிக்கிறீர்களா? உங்களுக்குக் கேட்ட மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நீட்டினீர்களே, மூத்தவளுக்குச் சரிப்பட்ட படிப்பிலேயே இளையவனையும் தள்ளிவிட்டீர்களே, அங்கெல்லாம் யார் தூங்காமல் கிடக்கிறார்கள் என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். மணியை மட்டும் அழுத்தாதீர்கள். கதவைக் கையால் தட்டுங்கள்.