பார்லி வாங்கப் போனவனுக்கு வந்த கல்லடைப்பு

அன்னிக்கு எனக்கு இருந்த ஒரே வேலை, மளிகைக் கடைக்குப் போய் ஒரு கிலோ பார்லி வாங்கிட்டு வாரது.

எதுக்குப் பார்லி? பீர் காய்ச்ச.

சிரிக்காதீங்க. கொஞ்ச காலம் பெங்களூர்ல வேலை பார்த்துட்டு அப்பத்தான் திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்திருந்தேன். அங்கே பப்புல பீப்பாயிலிருந்து நேரா மக்குல பிடிச்சுத் தருவான். நுரை மேல அப்படியே நிக்கும். அதுல பழகின நாக்கை வச்சுக்கிட்டு நம்ம ஊர்ல என்ன பண்றது?

நம்ம ஊர் பார்ல போய், "அண்ணே, என்னென்ன பீர் இருக்கு?"ன்னு கேட்டேன்.

"பீர் இருக்கு"ன்னாரு. அம்புட்டுத்தேன் மெனு.

"கூலிங்கா இருக்கா?"

"இப்பத்தேன் உள்ள வச்சேன். அப்படியே குடிங்க தம்பி. வயித்துக்குள்ள போனா எப்படியும் சூடாகப் போறதுதான?"

இந்தத் தத்துவத்துக்கு மேல அங்கே உக்கார மனசு வரல. அந்த பாட்டில் இருந்த சூட்டுக்கு டீத்தூள் போட்டிருந்தா டீயாகியிருக்கும்.

நேரா பிரவுசிங் சென்டருக்குப் போனேன். வெளிநாட்டுல ஒருத்தன் வீட்டு அடுப்படியிலயே பீர் காய்ச்சுறான், பக்கத்துல அவன் பொண்டாட்டி சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. போட்டோவே போட்டிருந்தான். இப்ப கிராஃப்ட் பீர்னு பெருமையாச் சொல்றாங்கள்ல, அதேதான். திண்டுக்கல்லுக்கு அதைக் கொண்டு வரப்போற மகான் நான்தான்னு முடிவு பண்ணிட்டேன்.

மகான் மளிகைக் கடைக்குப் போனாரு.

"அண்ணாச்சி, ஒரு கிலோ பார்லி."

"யாருக்குப்பா?"

"எனக்குத்தேன்."

அண்ணாச்சி என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. குரலை இறக்கிக்கிட்டு, "ரொம்ப எரியுதோ?"ன்னாரு.

"என்னது?"

"அட, கூச்சப்படாத அப்பு. நம்ம ஊரு உப்புத் தண்ணிக்கு கிட்னில கல்லு வராம இருந்தாத்தேன் அதிசயம்."

அப்பத்தான் உறைச்சது. நம்ம ஊர்ல பார்லி வாங்குறவனுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்!

திரும்பிப் பார்த்தா, பின்னாடி எதிர்வீட்டு ஜெசிந்தா டீச்சர். அவங்ககிட்ட ஒரு விஷயம் போனா, மைக் செட்டுக்கு வேலை இல்ல.

"அட கடவுளே, இந்த வயசுலயா?"ன்னாங்க.

நான் என்ன சொல்றது? "கல்லெல்லாம் இல்ல டீச்சர், வீட்டுல பீர் காய்ச்சப் போறேன்"னா? சாயங்காலமே வீட்டு வாசல்ல போலீஸ் ஜீப் நிக்கும். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஆமா டீச்சர், வலிதான்"னு சொல்லிட்டேன்.

நான் வீட்டுக்கு வாரதுக்குள்ள சேதி வந்திருச்சு. அம்மா கண்ணைக் கசக்கிக்கிட்டே வாழைத்தண்டு நறுக்கிட்டு இருந்தாங்க. "பெத்தவகிட்ட சொல்லக் கூடாதாடா?"ன்னு ஒரு சொம்பு சாறை நீட்டினாங்க. குடிச்சேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வெளிய வந்தா, சாமியார் என் தலையில கை வச்சு ஜெபிக்கிறாரு. பொய்க்கு ஆசீர்வாதம் வாங்கின முதல் ஆள் நானாத்தான் இருப்பேன்.

பீர் கதை அதைவிட மோசம். பார்லியை முளைக்க வைக்கணுமாம். ஈரத்துணியில கட்டி வச்சேன். நாறுச்சே ஒழிய முளைக்கல. தோல் உரிச்ச பார்லி எந்தக் காலத்துல முளைச்சிருக்கு! சரின்னு வேகவச்சு, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, பேக்கரியில கெஞ்சி வாங்கின ஈஸ்ட்டையும் கலந்தேன். கசப்புக்கு ஏதோ ஒரு பூ போடணும்னு எழுதியிருந்தான். நமக்குத் தெரிஞ்ச கசப்புப் பூ வேப்பம்பூதான். அதையும் அள்ளிப் போட்டேன். புளிச்சதும் வடிகட்டி பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்கள்ல அடைச்சு வச்சேன். அம்மா அதை மருந்துன்னு நம்பி, ஈ மொய்க்காம துணி போட்டு மூடிப் பாதுகாத்தாங்க.

நிஜமான சிக்கல் இனிமேதான். கொடைரோட்டுல எனக்குப் பிரமிளான்னு ஒரு பொண்ணு பார்த்திருந்தாங்க. பார்த்த அன்னிக்கே எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கிறதுதான் பாக்கி. அவங்கப்பா சவரிமுத்து சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். போதாததுக்கு அவங்க பங்குக் கோயில்ல மதுவிலக்குச் சபைத் தலைவர் வேற.

அவர் ஒருநாள் சொல்லாம கொள்ளாம எங்க வீட்டுக்கு வந்து உக்கார்ந்துட்டாரு.

"மாப்பிள்ளைக்குக் கல்லடைப்புன்னு கேள்விப்பட்டேன். வியாதிக்காரனுக்குப் பொண்ணைக் குடுக்கிறதா வேணாமான்னு யோசனையா இருக்கு. நெசந்தானா?"

கல்லுன்னு சொன்னா பொண்ணு போனாலும் போகும். பீர்னு சொன்னா கண்டிப்பாப் போகும். கொஞ்சமாவது வழி இருக்கிற பக்கமாச் சாஞ்சேன்.

"நெசந்தான் மாமா. ஆனா சின்னக் கல்லு."

அவர் பெருமூச்சு விட்டாரு. "எனக்கும் இருக்குப்பா. வருசக்கணக்கா உசிரை எடுக்குது."

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அம்மா உள்ள போயிட்டாங்க. "அண்ணே, இவனே பார்லித் தண்ணி போட்டு வச்சிருக்கான். நீங்களும் செத்த குடிங்க!"

"அம்மா, அது வேணாம்மா…"

டொப்புன்னு மூடி திறந்துச்சு. நுரை பொங்கி அவர் வேட்டியில வழிஞ்சது. பெங்களூர்ல பார்த்த அதே நுரை! எனக்குப் பெருமைப்படக்கூட நேரம் இல்ல.

"என்னப்பா இம்புட்டு வேகமா வருது?"

"கல்லை உடைக்கணும்ல மாமா."

ஒரு வாய் குடிச்சாரு. "கசக்குதே?"

"வேப்பம்பூ."

"கசந்தாத்தேன் மருந்து"ன்னு டம்ளரைக் காலி பண்ணி நீட்டினாரு. "செத்த ஊத்து."

ஊத்தினேன். மறுபடி நீட்டினாரு. பாட்டில் காலி. அடுத்த பாட்டிலை அவரே திறந்தாரு. மூஞ்சி மலர்ந்துருச்சு. வலி போன இடமே தெரியலைன்னாரு. எங்கம்மாவைத் தங்கச்சின்னாரு. அப்புறம் எழுந்து நின்னு, கதவைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பிரசங்கம்.

"இந்தக் காலத்துப் பயலுக பார்ல போயி உக்கார்ந்து சீரழியிறானுக. இவனைப் பாருங்க, பார்லித் தண்ணி குடிக்கிறான்! இப்படி ஒரு ஒழுக்கமான மாப்பிள்ளையத்தேன் நான் தேடிக்கிட்டு இருந்தேன். அடுத்த வாரமே நிச்சயம் வச்சுக்கிருவோம்!"

ஆர்மோனியம் இல்லாமலே ஒரு ஞானப்பாட்டும் பாடிட்டு, மிச்சமிருந்த பாட்டிலையெல்லாம் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறினாரு. நான் இன்னும் ஒரு சொட்டுகூட ருசி பார்க்கலை.

நிச்சயம் முடிஞ்சு கல்யாணமும் ஆச்சு. இப்பவும் நான் காய்ச்சக் காய்ச்ச, மாசாமாசம் கொடைரோட்டுக்கு ஒரு பை பாட்டில் போகுது. அவரு கல்லு கரைஞ்ச மாதிரி தெரியல, கரையணும்னு அவருக்கு ஆசை இருக்கிற மாதிரியும் தெரியல. எனக்கு ஒரு பாட்டிலாவது எடுத்து வைம்மான்னு பிரமிளாகிட்ட கேட்டேன்.

"அது அப்பாவுக்கே பத்தலைங்க, நீங்க இதைக் குடிங்க"ன்னு வாழைத்தண்டுச் சாறைக் குடுத்துட்டுப் போயிட்டா.