வளத்தி தாண்டினால் வயலின்

தமிழ்நாட்டிலேயே சில்லறைக்காகச் சண்டை போடாத கண்டக்டர் எங்கள் செஞ்சி–மேல்மலையனூர் தனியார் பஸ்ஸில்தான் இருந்தார். அவருக்குச் சண்டை போட வேறு விஷயம் இருந்தது. பெயர் யாருக்கும் தெரியாது, 'பியானோ' என்போம்.

கோட்டை பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீட்டில் ஒரு பென் டிரைவை விட்டுவிட்டுப் போனார். உள்ளே ஒரே ஒரு சங்கதி: ஜெர்மன்காரர் ஒருவர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிய இசை. ஒரு பியானோ, நாலு தந்தி வாத்தியம், முக்கால் மணி நேரம். மேல்மலையனூர் போகவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். இது மேல்மலையனூர் அங்காளம்மன் போட்ட கணக்கு என்று பியானோ நம்பினார்.

முதலில் வெறும் இசையைப் போட்டார்.

"இன்னாய்யா இது, எழவு வூட்ல கூட இதைவிட நல்லா வாசிப்பாங்க," என்றார் தினமும் ஏறும் எலுமிச்சம்பழக்காரம்மா.

இசையை நிறுத்திவிட்டு அது பிறந்த கதையை மட்டும் சொல்லிப் பார்த்தார். போனில் தேடித்தேடிப் படித்த கதை.

"பாட்டே இல்லாம கதை இன்னாத்துக்கு?" என்றார் அதே அம்மா.

அப்புறம்தான் இரண்டையும் கலந்தார்.

"மொதல்ல அஞ்சும் தந்தி வாத்தியமா வெச்சுதான் எழுதுனான். வயலின்கார சிநேகிதன் கேட்டுட்டு எடுபடலைன்னுட்டான். கிழிச்சுப் போட்டுட்டு ரெண்டு பியானோவுக்கு மாத்துனான். பியானோ வாசிக்கிற அம்மா ஒருத்தங்க, இது ரெண்டு பியானோவுல அடங்காதுப்பான்னாங்க... வளத்தி, வளத்தி எறங்கு!"

வளத்திக்காரர்கள் ரோட்டில் நின்றபடி கத்துவார்கள்: "அப்புறம் இன்னா பண்ணான்?"

"ரெண்டையும் கலந்தான். ரைட், போலாம்!"

பியானோவுக்கு ஒரே ஒரு குறை. இசை முடிவதற்குள் மேல்மலையனூர் வந்துவிடும், ஜனம் குதித்து ஓடிவிடும். "சாப்ட்டு கை கழுவாம போறீங்களே!" என்று புலம்புவார்.

விஷயம் பஸ் முதலாளி காதுக்குப் போனது. "கோயில் கூட்டம் அம்முற அமாவாசைக்கு நானே ஏறி வரேன். ஜனம் லேசா மொனகினாலும் பாட்டு செட்டைக் கழட்டிடுவேன். உன்னையும் சேர்த்து அனுப்பிடுவேன்," என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அந்த அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. முதலாளி முன் சீட்டில். பியானோ அன்றும் கதையை விடவில்லை. மேல்மலையனூர் வந்தது. இசை முடியவில்லை. முதலாளி எழுந்தார், பியானோவின் கை சுவிட்சுக்குப் போனது.

எலுமிச்சம்பழக்காரம்மா கூடையை எடுத்து வழியில் வைத்தார். "உக்காரு நைனா. இன்னும் முடியல."

அமாவாசை பஸ், ஒருத்தரும் இறங்கவில்லை! பின்னால் நின்ற பஸ்களெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தன. முதலாளி உட்கார்ந்தார்.

முடிந்ததும் பியானோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எறங்கு, எறங்கு, பஸ் திரும்ப வாணாமா?" என்று எரிந்து விழுந்தார்.

நானும் இறங்கினேன். அன்று எனக்கு ஆபீசும் இல்லை, வேண்டுதலும் இல்லை. கடைசிவரை ஒருத்தராவது உட்கார்ந்திருக்கட்டும் என்றுதான் ஏறியிருந்தேன்.