மாவு மூட்டையின் சிறுநீரகம்

விடோசாவ் பிரார்த்தித்தால் உடம்பிலிருந்து இரண்டு கிலோ நீர் இறங்கும்! கொலுபாரா ஆற்றங்கரை முழுக்க இதே பேச்சு. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் இயந்திரத்தில் படுக்கிறவர்கள். இப்படி ஒரு மகான் முளைக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

முறை எளிது. எடைக் கருவியில் ஏறி இறங்க வேண்டும். மகான் அதன்மேல் வெல்வெட் துணியைப் போர்த்தி, மண்டியிட்டு, துணிக்குள் கைவிட்டு முணுமுணுப்பார். நோயாளி அந்தத் துணிமேலேயே மறுபடி ஏறியதும் முள்ளின் பக்கம் மட்டும் துணியை விலக்குவார். இரண்டு கிலோ குறைந்திருக்கும்! சிலுவைக்குறி, கண்ணீர், காணிக்கையாகப் புகைபோட்ட பன்றித்தொடை. அடுத்த தடவை வரும்போது மூன்று கிலோ ஏறியிருக்கும். அதை மட்டும் யாரும் கேட்டதில்லை.

என் அப்பா ராதென்கோ மகானை நம்பி இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகவில்லை. கால் பூசணிக்காயாகிவிட்டது. மூச்சு இழுத்தது.

"வீக்கம் இல்லடி, நீர் கிளம்புற அறிகுறி" என்றார்.

"கிளம்பப் போறது நீங்கதான்ப்பா!"

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்துப் படுக்கை மிலுங்கா அக்கா. ரொட்டிக்கடைக்காரி. தன் கையில் தானே ஊசி குத்திக்கொண்டு, தன் இயந்திரத்தைத் தானே ஓட்டுகிறவள். அவளிடம் ஓடினேன்.

"கடையில ஒரு மூட்டை மாவைத் தூக்கிட்டு வாடி" என்றாள்.

மூவருமாக மகானிடம் போனோம். அப்பா ஏறினார், எண்பத்தாறு. பிரார்த்தனை. எண்பத்து நாலு! கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் இறங்கியதுதான் தாமதம், அக்கா கண்ணைக் காட்ட, மூட்டையைக் கருவிமேல் தொப்பென்று போட்டேன். இருபத்தைந்து கிலோ என்று அச்சடித்த, தையல் பிரிக்காத மூட்டை. முள் இருபத்து மூன்றில் நின்றது.

"மாவுக்கும் இறங்கிருச்சு!" என்று ஒருவர் சிலுவைக்குறி போட்டார்.

"அட அறிவுக்கொழுந்தே! என் மாவுக்குக் கிட்னி எப்ப முளைச்சுது?"

"மாவுக்கும் அருள் உண்டும்மா" என்றார் மகான்.

"இருக்கட்டும் பெரியவரே, துணிக்குள்ள இருக்கிற கையை வெளிய எடுங்க."

மூட்டையைத் தள்ளி, துணியை உருவினாள். காலிக் கருவியில் முள் பூஜ்யத்துக்கு இரண்டு கிலோ கீழே நின்றது. மகானின் விரல், முள்ளைத் திருத்தும் சின்னச் சக்கரத்திலேயே இருந்தது.

ரொட்டி வண்டியிலேயே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எடை பார்க்க வந்த நர்ஸை அக்கா தடுத்தாள்.

"ராதென்கோ, நீயே ஏறு. நீயே படி. நீயே எழுது."

எண்பத்தாறு. அப்பாவே படித்து எழுதினார். நீர் சேராமல் இருந்தால் இருக்க வேண்டியது எண்பது.

"ஆறு கிலோவா?" என்றார், மூச்சு வாங்க. "இதைச் சுமந்துக்கிட்டா அந்த ஆளுக்குக் கை தட்டினேன்?"

விடோசாவ் இப்போது அடுத்த ஊரில் சர்க்கரை நோயை விரட்டுகிறாராம். நல்ல கூட்டமாம். ரத்தத்தைச் சுத்தம் செய்ய இயந்திரம் உண்டு. யோசிக்கிற வேலையை மட்டும் அவரவர் தலைதான் செய்தாக வேண்டும்.