முஃபீதுக்கு ஒரு பாரை

"இன்னைக்கும் வெறுங்கையோட வந்தீங்கன்னா, நாளையிலேருந்து விருந்தாளிங்க ஜாபிர் படகுல போகட்டும், மச்சான்," என்று ரமீஸ் சொன்னபோது முஃபீத் படகுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தான். கை ஆடியதில் அரை லிட்டர் கடலுக்குப் போயிற்று. அதையும் ரமீஸ் பார்த்தான்.

ரமீஸ், முஃபீதின் மனைவி நஸீஹாவின் அண்ணன். தீவிலுள்ள விருந்தினர் விடுதி அவனுடையது, படகும் அவனுடையது. அந்தப் படகில் முஃபீதுக்குச் சொந்தமாக இருந்தவை ஒரு பழைய தொப்பியும் முப்பது வருட அனுபவமும்தான். அந்த அனுபவமும் சூரைமீன் பிடித்த அனுபவம். தோணியின் பின்பக்கம் நின்று, கம்பால் சூரையை ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே வீசித் தளத்தில் போட்டவன். தோள்மூட்டு தேய்ந்த பிறகு, நஸீஹா தன் அண்ணனிடம் நாலு மாதம் நச்சரித்து வாங்கிக் கொடுத்த வேலை இது. இதுவும் போனால் அவள் ஒரு வார்த்தை திட்ட மாட்டாள். அதுதான் அவனுக்குப் பயம்.

வேலை என்னவோ சுலபமானதுதான். தூர தேசத்திலிருந்து வருகிறவர்களைப் பவளப்பாறை விளிம்புக்குக் கூட்டிப்போக வேண்டும். அவர்கள் பாப்பர் என்று ஒரு மரக்கட்டை மீனை வீசி, வெடுக்கு வெடுக்கென்று இழுத்து, தண்ணீரைப் 'பளக் பளக்'கென்று கொப்பளிக்க வைப்பார்கள். பெரும்பாரை மீன் ஏமாந்து வந்து கவ்வும். அதைத் தூக்கி அணைத்துப் படம் எடுத்துக்கொண்டு, பத்திரமாகக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். பிடித்த மீனை விடுவதற்காக ஒருவன் விமானம் ஏறி வருவான் என்று முஃபீதின் வாப்பாவிடம் யாராவது சொல்லியிருந்தால், அவர் ஓதிப் பார்க்க ஆள் கூப்பிட்டிருப்பார்.

தீவின் இன்னொரு படகோட்டி ஜாபிரின் படகில் போனவர் எவரும் பாரையைக் கட்டிப்பிடிக்காமல் ஊர் திரும்பியதில்லை. கடைசி நாள் அந்திக்குள் எப்படியும் பிடித்துக் கொடுத்துவிடுவான். என்ன தந்திரம் என்று முஃபீத் வெட்கத்தை விட்டு ஒருநாள் கேட்டான். ஜாபிர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, கடலைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

முஃபீதின் விருந்தாளி ஹிராதா, ஜப்பானில் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். அறுபத்தெட்டு வயது. ஆறு வருடம் சேமித்து வந்திருந்தார். ஐந்து நாளாக ஒரு பாரையும் கடிக்கவில்லை, நாளைக் காலை விமானம். அவர் கோபப்பட்டிருந்தால்கூட முஃபீதுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மனிதர் நம் பாஷையில் கற்றுக்கொண்டது ஒரே சொல். மீன் கடிக்காவிட்டாலும், வெயில் கொளுத்தினாலும், காலைச் சாப்பாட்டு மாஸ்ஹுனியில் மிளகாய் ஏறிப்போய்க் கண்ணில் நீர் வழிந்தாலும், "பரவாயில்லை," என்று குனிந்து வணங்குவார்.

அன்று காலை எல்லாம் சரியாகத்தான் தொடங்கியது. ஆளில்லாத இரண்டு தீவுகளுக்கு நடுவே ஓடும் கால்வாயின் வாயில், நீரோட்டம் நுரைத்துக்கொண்டிருந்தது. ஹிராதா நாலாவது முறை வீசியபோது, பாப்பருக்குப் பின்னால் தண்ணீர் ஒரு பாயின் அகலத்துக்கு மேலெழும்பி அடங்கியது. பெரும்பாரைதான்.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் விழுந்தன.

பறவை விழுந்தால் அங்கே சூரை. முப்பது வருடப் பழக்கம் மூளையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கை தானாகச் சுக்கானைத் திருப்பிவிட்டது. முஃபீத் முழு வேகத்தில் ஒரு மைல் போய், "அடிங்க, அடிங்க," என்று குதித்துக்கொண்டிருந்தான். ஒன்பது சூரை பிடித்த பிறகுதான் ஹிராதாவின் முகத்தைப் பார்த்தான். ஒன்பதாவதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் "பரவாயில்லை" என்றார். திரும்பி வந்தபோது நீரோட்டம் நின்று, கால்வாய் குளம்போலக் கிடந்தது.

இந்தத் தப்பைச் சரிசெய்ய முஃபீத் கைவசமிருந்த வித்தையை எடுத்தான். எதிரே வந்த சூரைத்தோணியில் அவனுடைய பழைய கூட்டாளிகள் இருந்தார்கள். அவர்களிடம் ஒரு வாளி உயிர்இரை கேட்டு வாங்கினான். சூரை பிடிக்கிறவன் குஞ்சுமீனை அள்ளி வீசித்தானே மீனைக் கூப்பிடுவான்? பாறை விளிம்பில் நின்று அள்ளி அள்ளி வீசினான்.

பாரைகள் வந்தன. ஒன்றல்ல, பதினைந்து இருபது. படகைச் சுற்றிக் கல்யாணப் பந்தி மாதிரி ஆகிவிட்டது. ஹிராதா பாப்பரை வீசினார். உயிர்மீன் வாயில் வந்து விழும்போது மரக்கட்டையைத் தின்ன எந்தப் பாரைக்குப் பைத்தியம்? வாளி காலியானதும் கூட்டம் கலைந்தது. கடைசியாகப் போன பாரை ஒன்று பாப்பரை மூக்கால் ஒரு தட்டுத் தட்டி ஒதுக்கிவிட்டுப் போனது.

மதியத்துக்கு மேல், யாரும் எதிர்பாராத நேரத்தில், நிஜமாகவே ஒன்று கவ்வியது. ராடு வில்லாக வளைந்தது, ரீல் அலறியது, ஹிராதா முதல்முறையாக ஜப்பானியில் கத்தினார். முஃபீதுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உதவி செய்கிறேன் பேர்வழி என்று படகை மீனை நோக்கியே விட்டான். மீன் படகுக்கு அடியில் புகுந்தது. நூல் இஞ்சின் காற்றாடியில் சிக்கி, 'டப்'பென்று அறுந்தது.

போனது ஹிராதா தன் கையாலேயே செதுக்கி, ஏழு தடவை சாயம் பூசிய பாப்பர். அது போன திசையைப் பார்த்து அவர் மெல்லக் குனிந்து வணங்கினார். பிறகு முஃபீதின் தேய்ந்த தோளைத் தட்டி, அந்த ஒரே சொல்லைச் சொன்னார். முஃபீத் இஞ்சினைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

வேலைகூட அப்போது அவனுக்கு நினைவில்லை. இந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, அவ்வளவுதான். அந்த எண்ணத்தில்தான் அவன் புத்தி தலைவர் பக்கம் போயிற்று.

தலைவர் என்பது ஊர்த் துறைமுகத்தில் குடியிருக்கும் ஒரு பாரை. நாற்பது கிலோ இருக்கும். தோணிகள் வந்து மீன் வெட்டும்போது கரையோரம் வந்து நின்று, தலையும் குடலுமாக வாங்கிச் சாப்பிடும். அதற்குத் தீனி போடாத வீடு தீவில் இல்லை. ஊர்த் தலைவர் பதவியை அரசாங்கம் ஒழித்தபோது, பட்டம் வீணாகப் போக வேண்டாமென்று இதற்குக் கொடுத்துவிட்டார்கள். தலைவருக்குத் தூண்டில் போடுவது பள்ளிவாசல் கிணற்றில் துப்புவதற்குச் சமம். அப்படி ஒருவன் செய்வான் என்று யாரும் நினைத்ததில்லை, அதனால் தண்டனை என்னவென்றும் யாரும் யோசித்ததில்லை.

சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை முஃபீத் அலைதடுப்புச் சுவருக்கு வெளியே காத்திருந்தான். ஊர் மொத்தமும் தொழுகைக்குப் போய்விட்டது. இவனும் போயிருக்க வேண்டியவன். அல்லாஹ் மன்னிப்பான், மச்சான் மன்னிக்க மாட்டான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இஞ்சினை அணைத்தான். மெதுவாகத் துறைமுக வாயிலில் மிதக்கவிட்டு, இந்த நேரத்தில் இங்கே சில சமயம் வரும் என்று ஹிராதாவிடம் கையைக் காட்டினான். பொய்யில்லை. எல்லா நேரமும் வரும்.

ஹிராதா மிச்சமிருந்த ஒரு பாப்பரை வீசினார். 'பளக்.' இரண்டாவது 'பளக்'குக்குள் தலைவர் வந்து கவ்விவிட்டார்.

முஃபீத் பயந்தது போலக் கலவரம் ஒன்றும் நடக்கவில்லை. தலைவர் ஒருமுறை வாலை ஆட்டினார், பாதி வட்டம் போட்டார், பிறகு பழகிய ஆடு மாதிரி படகின் பக்கத்தில் வந்து நின்றார். முஃபீத் குனிந்ததும் கொக்கியைக் கழற்ற வசதியாக வாயைத் திறந்தார். வயதாகிவிட்டது பாவம், பலமில்லை என்று நினைத்துக்கொண்டான்.

ஹிராதா மீனை மடியில் ஏந்திக்கொண்டு வாய்விட்டு அழுதார். ஆறு வருடத்துக் கனவு என்று அவர் சொல்லித்தானா தெரிய வேண்டும்? முஃபீத் நாலு படம் எடுத்தான். பின்னால் துறைமுக விளக்கு விழாமல் எடுக்க மிகவும் கஷ்டப்பட்டான். மனசுக்குள் தலைவரிடம் மன்னிப்புக் கேட்டு, இரண்டு கையாலும் தண்ணீரில் விட்டான்.

நிமிர்ந்தபோது, மேலே படித்துறையில் ரஃபிக்குல் நின்றுகொண்டிருந்தான். மீன் வெட்டும் வங்காளத்துக்காரன். பூனைகளிடமிருந்து மீனைக் காக்க அன்று அவன் முறை, எல்லோரும் திரும்பிய பிறகுதான் அவன் தொழப் போவான். கையில் சூரைத்தலை நிறைந்த வாளி.

மீன் கிடைத்துவிட்டது, வேலை தப்பிவிட்டது, மானம் அந்த வாளிக்காரன் வாயில் இருந்தது. முஃபீத் படியேறிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரஃபிக்கு, என் புள்ளைங்க மேல ஆணையா இதுதான் முதலும் கடைசியும். ஊருக்குத் தெரிஞ்சா நான் தலைகாட்ட முடியாது. நஸீஹாவே சோறு போட மாட்டா."

ரஃபிக்குல் ஒரு சூரைத்தலையை எடுத்துத் தண்ணீரில் போட்டான். தலைவர் வந்து வாங்கிக்கொண்டார்.

"பயப்படாதீங்க அண்ணே. ஜாபிர் அண்ணன் இதுவரைக்கும் இவரைப் பதினோரு தடவை பிடிச்சிருக்காரு, நான் யாருகிட்டயாவது மூச்சு விட்டேனா?"